லைப்ரரிய மூட்டை கட்டுனேன், ஃபான்ட்ட விட்டுட்டேன்

காலைல நாலு மணிக்கு போன் அடிச்சா எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரு நிமிஷம் வயித்தக் கலக்கும், ஒண்ணு சொந்தத்துல யாருக்காச்சும் ஏதாச்சும், இல்லன்னா மாட்டுத்தாவணி பூக்கடை. அன்னைக்கு பூக்கடை. "தம்பி, பில்லு பூராம் கட்டம் கட்டமா வருதுப்பா, எழுத்தே காணோம், நம்பர் மட்டுந்தான் வருது, முகூர்த்த நாளு வேற, ஆளுக வரிசைல நிக்கிறாக, வெரசா வா"ன்னுட்டு அண்ணே வச்சிட்டாரு. சட்டைய மாட்டிக்கிட்டு வில்லாபுரத்துல இருந்து வண்டிய எடுத்தேன், தெப்பக்குளம் வந்து குருவிக்காரன் சாலை பாலத்துல ஏறி அண்ணா நகர் வழியா போற வரைக்கும் மண்டைக்குள்ள ஒரே கேள்விதான், நேத்து சாயங்காலம் நானே உக்காந்து புது மிஷின்ல எல்லாத்தையும் ஏத்தி டெஸ்ட் பிரிண்ட் எடுத்துக் காட்டிட்டுத்தான வந்தேன், ராத்திரியோட ராத்திரியா என்ன வந்துச்சு?

கொஞ்சம் பின்னாடி போய்ச் சொல்றேன். பூ கமிஷன் கடைக்கு நான் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்துருக்கேன், சி பிளஸ் பிளஸ்ல எழுதுனது, திரை, பட்டன் எல்லாம் வரையிறதுக்கு க்யூட்டின்னு ஒரு டூல்கிட், ஓடுறது லினக்ஸ்ல. ஏன் லினக்ஸ்னா, கடைல முன்னாடி இருந்த விண்டோஸ் மிஷின்ல பென் டிரைவ் மூலமா வைரஸ் ஏறி ரெண்டு தடவ கணக்கு பூரா போச்சு, மூணாவது தடவ அண்ணனே "உனக்கு எது தெரியுமோ அதப் போட்டு விடுப்பா"ன்னுட்டாரு. வலையங்குளம், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கமெல்லாம் இருந்து விவசாயிங்க பூ கொண்டு வருவாங்க, எடை போட்டதும் பேரு, பூ, கிலோ, விலை, கமிஷன் போக மீதி எல்லாம் ஒரு சீட்டுல தமிழ்ல வரணும். இது தமிழ்ல இல்லாட்டி பிரயோஜனமே இல்ல. மல்லிக்கு ஒரு விலை, பிச்சிக்கு ஒரு விலை, முல்லைக்கு ஒரு விலை, அதுவும் மணிக்கு மணி மாறும், எந்தப் பூவுக்கு எவ்வளவுன்னு சீட்டுல எழுத்துல இருந்தாத்தான் அவங்க மடிச்சு பையில வச்சிட்டுப் போவாங்க.

இன்னொரு விஷயம், இந்த தெர்மல் பிரிண்டருக்கு தமிழ் தெரியாது. இங்கிலீஷ் எழுத்த அப்படியே அனுப்புனா அதுக்குள்ள இருக்க ஃபான்ட்ல அடிச்சிரும், தமிழுக்கு அப்படி ஒரு ஏற்பாடு அதுல கிடையாது. அதனால சாஃப்ட்வேரே சீட்ட ஒரு படமா வரைஞ்சு, கருப்பு வெள்ளைப் புள்ளியா மாத்தி அனுப்பணும். 80 மில்லிமீட்டர் பேப்பர்ல அகலத்துக்கு 576 புள்ளி, ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. அந்தப் படத்த வரையும்போது ஃபான்ட் கெடைக்கலன்னா கட்டத்தையும் அழகா வரைஞ்சு அனுப்பிரும், பிரிண்டரும் சந்தோஷமா அடிச்சுத் தள்ளும்.

கடைக்குப் போறப்ப மணி நாலே முக்கால். மல்லி வாசத்துல மூச்சு முட்டுது, கீழ பூரா ஈரச் சாக்கு, அண்ணே பழைய கார்பன் சீட்டு புக்க எடுத்து கைல எழுதிக்கிட்டு இருக்காரு, அவரு மகன் என்னைப் பாத்ததும் ஒரு சீட்ட நீட்டுனான். மேல கடைப் பேரு இங்கிலீஷ்ல பளிச்சுன்னு இருக்கு, தேதி இருக்கு, அதுக்குக் கீழ அஞ்சாறு கட்டம், ஒரு இடைவெளி, நாலு கட்டம், அப்புறம் 4.350, அப்புறம் தொகை. அந்த அஞ்சாறு கட்டம் ஒரு மனுஷனோட பேரு, நாலு கட்டம் ஒரு பூவோட பேரு. எல்லார் சீட்டும் பாக்க ஒண்ணு போல இருக்கு. பக்கத்துல ஒரு பெரியவரு வேற "கோலம் போட்டுக் குடுக்குறீகளா"ன்னு கேட்டுட்டுப் போறாரு.

அப்பத்தான் பொறி தட்டுச்சு. நேத்து நான் எடுத்த டெஸ்ட் பிரிண்ட்ல இருந்தது கடைப் பேரும் நம்பரும் மட்டுந்தான், ரெண்டுமே இங்கிலீஷ். பழைய ஹார்ட் டிஸ்க் போயிட்டதால பேக்கப்ல இருந்து கணக்கு அப்பத்தான் ஏறிட்டு இருந்துச்சு, பூ லிஸ்ட் காலி, ஆளுங்க லிஸ்ட் காலி, தமிழ்ல ஒரு எழுத்து கூட திரைல இல்ல. நானும் பிரிண்டர் வேலை செய்யுதுன்னு கிளம்பிட்டேன். தமிழ் சாஃப்ட்வேருக்கு இங்கிலீஷ்ல டெஸ்ட் பண்ணிட்டு வந்த ஆளு நான், யார்கிட்ட போய்ச் சொல்றது.

எல்லாரும் செய்றதத்தான் நானும் மொதல்ல செஞ்சேன், டெர்மினல் திறந்து ஃபான்ட் கேஷ அழிச்சு திரும்பக் கட்டுற கமாண்ட். ஒண்ணும் மாறல. மிஷின்ல இருக்க ஃபான்ட்ட வரிசையாக் காட்டுற எஃப்சி லிஸ்ட்ங்குற கமாண்ட்ல தமிழ் ஃபான்ட் மட்டும் காட்டுன்னு கேட்டேன், நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்குன்னு சொல்லுது. லிப்ரே ஆஃபீஸ்ல தமிழ்ல அடிச்சுப் பாத்தேன், முத்து முத்தா வருது. என் சாஃப்ட்வேர்ல மட்டும் கட்டம். இந்த இடத்துல நான் இருபது நிமிஷம் வீணாக்குனேன், ஏன்னா "ஃபான்ட் இருக்கு"ன்னு கம்ப்யூட்டர் சத்தியம் பண்ணுது, என் சாஃப்ட்வேர் "இல்ல"ங்குது, யாரு பொய் சொல்றான்னு தெரியல.

ரெண்டு பேருமே பொய் சொல்லல. அது பின்னாடி தெரிஞ்சது. அன்னைக்குக் காலைல நடந்தது என்னன்னா, ஏதோ ஒரு யோசனைல ஹோம் ஃபோல்டருக்குள்ள டாட் ஃபான்ட்ஸ்ல கிடந்த அந்த தமிழ் ஃபான்ட் ஃபைல எடுத்து, ரூட் பாஸ்வேர்ட் போட்டு, யூஎஸ்ஆர் ஷேர் ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள ஒரு காப்பி போட்டேன், சாஃப்ட்வேர மூடித் திறந்தேன், தமிழ் வந்துருச்சு. அண்ணே ஒரு பருத்திப்பால் வாங்கிக் குடுத்தாரு. குடிச்சேன், ஆனா இறங்கல, ஏன் சரியாச்சுன்னே தெரியாம ஒண்ணு சரியாச்சுன்னா அது திரும்ப வரும்னு எனக்குத் தெரியும், அடுத்த முகூர்த்தத்துக்கே வரும்.

வீட்டுக்கு வந்து நிதானமா உக்காந்தேன். முதல் பாடம் இங்க இருக்கு, ஐகான டபுள் கிளிக் பண்ணி ஓட்டுனா சாஃப்ட்வேர் கத்துறது எதுவும் நம்ம காதுல விழாது. அது பாட்டுக்கு எரர எழுதித் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கும், ஹோம்ல எக்ஸ் செஷன் எரர்ஸ்னு ஒரு மறைஞ்ச ஃபைல் இருக்கும்ல, அதுல போய் விழுந்து கிடக்கும். கடையோட அந்த ஃபைல பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்துருந்தேன், திறந்து பாத்தா வரிசையா நிக்குது. ஈடிசி ஃபான்ட்ஸ்ல இருக்க ஃபான்ட்ஸ் டாட் கான்ஃப் ஃபைல்ல அஞ்சாவது வரி, தெரியாத எலிமென்ட்னு ஒரு வார்னிங். ஆறாவது வரி, செல்லாத ஆட்ரிபியூட்னு எரர். அதுக்கப்புறம் டிஸ்கிரிப்ஷன்னு ஒரு எலிமென்ட் தெரியலன்னு வார்னிங். இப்படியே போய் கடைசில ஒரு வரி: ஃபான்ட்கான்ஃபிக் எரர், கேன்னாட் லோட் டீஃபால்ட் கான்ஃபிக் ஃபைல். ஃபான்ட்கான்ஃபிக்னா எந்த ஃபான்ட் எங்க இருக்குன்னு தேடிக் குடுக்குற லைப்ரரி, அதாவது மத்த புரோகிராம் கூப்புட்டு வேலை வாங்குற பொதுக் கோடு. எங்க தேடணும்னு எழுதி வச்ச செட்டிங் ஃபைல்தான் கான்ஃபிக், அத ஏத்த முடியலங்குது.

பழைய மிஷின்ல மூணு வருஷம் ஓடுனப்ப இதுல ஒரு வரி கூட வந்ததில்ல. ஏன் வரல, ஏன் இப்ப வருதுன்னு பாத்தா வில்லன் நாந்தான்.

நான் சாஃப்ட்வேர் மூட்டை கட்டுன விதத்தச் சொல்றேன், நிறைய பேரு இப்படித்தான் கட்டுறாங்கன்னு நெனைக்கிறேன். லினக்ஸ்ல பழைய சிஸ்டத்துல பில்ட் பண்ணா புதுசுல ஓடும், புதுசுல பில்ட் பண்ணா பழசுல ஓடாது, ஜீலிப்சிங்குற அடிப்படை லைப்ரரியோட புது வெர்ஷன் இல்லன்னு வாசல்லயே நிறுத்திரும். அதனால உபுண்டு 16.04ல பில்ட் பண்ணேன், அது சரிதான். அப்புறம் எல்டிடி கமாண்ட் அடிச்சா என் புரோகிராம் என்னென்ன லைப்ரரிய நம்பி இருக்குன்னு ஒரு பெரிய லிஸ்ட் வரும்ல, அந்த லிஸ்ட்ல லிப்சி மாதிரி ஒண்ணு ரெண்ட விட்டுட்டு மிச்சம் எல்லாத்தையும் ஒரு ஸ்கிரிப்ட் வச்சு லிப் ஃபோல்டருக்குள்ள அள்ளிப் போட்டேன். எதுக்கு வம்பு, எல்லாத்தையும் கூடவே கொண்டு போயிட்டா யார்கிட்டயும் கை நீட்ட வேணாம்ல, அப்படி ஒரு நெனப்பு. லைப்ரரிய எங்க தேடணும்னு சொல்ற எல்டி லைப்ரரி பாத்ங்குற வேரியபிள, ஸ்டார்ட் பண்ற ஷெல் ஸ்கிரிப்ட்ல அந்த ஃபோல்டருக்குத் திருப்பி விட்டேன். முடிஞ்சது வேலை.

அப்படி அள்ளுனதுல லிப்ஃபான்ட்கான்ஃபிக்கும் வந்துருச்சு, உபுண்டு 16.04ல இருந்த 2.11.94 வெர்ஷன். இப்ப கடைல புதுசா வச்ச மிஷின் டெபியன் 12, அதுல ஃபான்ட்கான்ஃபிக் 2.14. லைப்ரரிய நான் கொண்டு போனேன், ஆனா அது படிக்கிற கான்ஃபிக் ஃபைல் என்னுது இல்ல, அந்த மிஷினோடது. ஃபான்ட்கான்ஃபிக் எங்க இருந்து ஓடுனாலும் நேரா ஈடிசி ஃபான்ட்ஸ்லதான் போய் நிக்கும். 2.13 வாக்குல அந்த ஃபைல்ல மொழிபெயர்ப்புக்குன்னு சில புது டேக், டிஸ்கிரிப்ஷன்னு ஒரு டேக், எல்லாம் சேத்துட்டாங்க. பழைய லைப்ரரிக்கு அதெல்லாம் புரியாது. தெரியாத எலிமென்ட்னா வார்னிங் குடுத்துட்டு தாண்டிப் போயிரும், அதுல சேதாரம் கம்மி. ஆனா ஆட்ரிபியூட், அதாவது டேக்குக்குள்ள எழுதுற குறிப்பு, புரியலன்னா அது எரர், எரர் வந்தா அந்த கான்ஃபிக்கையே தூக்கி வச்சிரும். வார்னிங்கும் எரரும் பாக்க ஒரே மாதிரி வரிசைல நிக்கும், கடைசி வரிதான் முக்கியம், கான்ஃபிக் லோட் ஆகலன்னு வந்துருச்சுன்னா மேல இருக்க ஏதோ ஒரு எரர்தான் காரணம். அந்தக் கடைசி வரி இல்லாம வெறும் வார்னிங் மட்டும்னா பெரும்பாலும் அசிங்கம்தான், ஆபத்து இல்ல.

கான்ஃபிக் லோட் ஆகலன்னா ஃபான்ட்கான்ஃபிக் செத்துப் போகாது, அதுக்கு ஒரு கடைசி நெலம இருக்கு, அதோட வயித்துக்குள்ளயே பில்ட் பண்றப்ப எழுதி வச்ச ஒரே ஒரு ஃபோல்டரத்தான் பாக்கும், யூஎஸ்ஆர் ஷேர் ஃபான்ட்ஸ். அங்க டெஜாவூ ஃபான்ட் இருந்துச்சு, அதுல இங்கிலீஷ் உண்டு, நம்பர் உண்டு, தமிழ் கிடையாது. நான் தமிழ் ஃபான்ட்ட வச்சது ஹோம் ஃபோல்டர்ல. அந்த ஃபோல்டரையும் பாருன்னு சொல்றதே கான்ஃபிக் ஃபைல்தான், அதத்தான் படிக்க முடியலையே. அதனாலதான் நம்பர் வந்துச்சு, தமிழ் கட்டமாச்சு, காப்பி போட்டதும் சரியாச்சு. பழைய மிஷினும் 16.04தான், அங்க நான் கொண்டு போன லைப்ரரியும் அங்க இருந்த கான்ஃபிக்கும் ஒரே வயசு, அதனால மூணு வருஷம் சண்டை இல்ல.

எஃப்சி லிஸ்ட் சத்தியம் பண்ணதும் இதனாலதான். டெர்மினல்ல அந்த கமாண்ட ஓட்டுனா அது சிஸ்டத்தோட புது லைப்ரரிய வச்சுப் பாக்குது, என் சாஃப்ட்வேர் அதோட பழைய லைப்ரரிய வச்சுப் பாக்குது. இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு, எனக்கு ரொம்ப லேட்டாத் தெரிஞ்சது: எல்டி லைப்ரரி பாத்த உங்க லிப் ஃபோல்டருக்குத் திருப்பி வச்சு அதே வரில எஃப்சி லிஸ்ட்ட ஓட்டுங்க. இப்ப அந்த கமாண்டும் உங்க லைப்ரரியத்தான் எடுக்கும், உங்க சாஃப்ட்வேர் கத்துற அதே எரரக் கத்தும். நான் ஓட்டுனேன், கத்துச்சு, மனசு குளுந்துச்சு. ஓடிட்டு இருக்க சாஃப்ட்வேர் எந்த லைப்ரரியப் புடிச்சு வச்சிருக்குன்னு சந்தேகம்னா ப்ராக் ஃபோல்டர்ல அதோட பிராசஸ் நம்பருக்குள்ள மேப்ஸ்னு ஒரு ஃபைல், அதுல ஃபான்ட்கான்ஃபிக்னு தேடுனா முழு பாத்தும் வந்துரும். எஃப்சி டீபக்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள், அதுக்கு 1024 குடுத்தா எந்தெந்த கான்ஃபிக் ஃபைல எடுத்துப் படிக்குதுன்னு வரிசையாச் சொல்லும், கொட்டோ கொட்டுன்னு கொட்டும், ஃபைலுக்குத் திருப்பி விட்டுப் படிங்க.

சரி, காரணம் கெடச்சிருச்சு, லிப்ஃபான்ட்கான்ஃபிக்க மூட்டைல இருந்து எடுத்துட்டா சிஸ்டத்தோடத எடுத்துக்கும், முடிஞ்சதுன்னு நெனச்சு அந்த ஒரு ஃபைல மட்டும் அழிச்சேன். சாஃப்ட்வேர் திறக்கவே இல்ல. சிஸ்டத்தோட ஃபான்ட்கான்ஃபிக்குல எஃப்டி டன் எம்எம் வார்னு ஒரு சிம்பல், அதாவது ஒரு ஃபங்ஷன், கெடைக்கலையாம். கூகுள்ல போட்டா உலகம் பூரா ஆளுக இதே வரிய வச்சு அழுதுக்கிட்டு இருக்காங்க. விஷயம் சாதாரணம், அந்த ஃபங்ஷன், ஃபான்ட் ஃபைலப் படிச்சு எழுத்த வரையிற ஃப்ரீடைப் லைப்ரரியோட 2.9ல வந்தது, புது ஃபான்ட்கான்ஃபிக் அதக் கூப்புடுது, ஆனா மூட்டைல நான் வச்சிருக்க ஃப்ரீடைப் 2.6. அதயும் அழிச்சேன். இப்ப அடுத்தது, படம் படிக்கிற லைப்ரரி, சிஸ்டத்தோட லிப்பிஎன்ஜி 16, அதுக்கு டேட்டாவ சுருக்கி விரிக்கிற இசட்லிப் 1.2.9 வேணும், கெடைக்கலங்குது. மூட்டைல இருந்த இசட்லிப் 1.2.8. புது ஃப்ரீடைப் அதோட லிப்பிஎன்ஜியக் கூட்டிட்டு வருது, அது அதோட இசட்லிப்பக் கேக்குது, வாசல்ல என் பழைய இசட்லிப் உக்காந்துருக்கு. அதயும் அழிச்சேன்.

கல்யாண வீட்டுல சம்பந்திய மட்டும் கூப்புட்டா ஆகுமா, அவரு கூட வர்ற சனமும் வரணும்ல, அந்தக் கதைதான். ஃபான்ட்கான்ஃபிக், ஃப்ரீடைப், எக்ஸ்பாட், இசட்லிப், ஹார்ஃப்பஸ், இதெல்லாம் ஒரு குடும்பம். ஒண்ண எடுத்தா எல்லாத்தையும் எடுக்கணும், ஒண்ண வச்சா எல்லாத்தையும் வைக்கணும், வச்சாலும் கான்ஃபிக் ஃபைல் சண்டை இருக்கு, அதனால எடுத்துர்றதுதான் நல்லது. சாஃப்ட்வேர ஒரே ஃபைலாக் கட்டிக் குடுக்க ஆப்இமேஜ்னு ஒரு முறை இருக்கு, அதக் கட்டுறவங்க இதுக்குன்னே எக்ஸ்க்ளூட் லிஸ்ட்னு ஒண்ணு வச்சிருக்காங்க, எந்தெந்த லைப்ரரிய மூட்டைல வைக்கவே கூடாதுன்னு, இவங்க எல்லாம் அதுல இருக்காங்க, லிப்எஸ்டிடிசி பிளஸ் பிளஸ்ஸும் இருக்கு. நான் ஆப்இமேஜ் கட்டல, ஆனா அந்த லிஸ்ட்ட எடுத்து என் ஸ்கிரிப்ட்ல வச்சிட்டேன், எல்டிடி என்ன சொன்னாலும் லிஸ்ட்ல இருக்க பேர காப்பி பண்ணாத, அவ்வளவுதான். டெஸ்க்டாப் இருக்க எந்த லினக்ஸ்லயும் ஃபான்ட்கான்ஃபிக் இல்லாம இருக்காது, எதுக்கு நான் தூக்கிச் சுமக்கணும்.

இப்ப என்னையே நெனச்சா சிரிப்பா வருது. எல்லா மிஷின்லயும் இருக்க லைப்ரரிய பத்திரமா மூட்டை கட்டிக் கொண்டு போனேன், பாதி மிஷின்ல இல்லாத தமிழ் ஃபான்ட்ட "அங்க இருக்கும்ல"ன்னு விட்டுட்டேன். தலைகீழ்.

அதனால ரெண்டாவது வேலை, ஃபான்ட்ட சாஃப்ட்வேருக்குள்ளயே வச்சது. க்யூட்டில ரிசோர்ஸ் ஃபைலா ஃபான்ட்ட உள்ள சேத்துட்டு, ஸ்டார்ட் ஆகுறப்ப க்யூஃபான்ட் டேட்டாபேஸ்ல ஆட் அப்ளிகேஷன் ஃபான்ட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதக் கூப்புட்டா போதும், சிஸ்டத்துல இன்ஸ்டால் பண்ண வேணாம், ரூட் பாஸ்வேர்ட் வேணாம். அது ஒரு நம்பரத் திருப்பிக் குடுக்கும், மைனஸ் 1 வந்தா லோட் ஆகலன்னு அர்த்தம், இதப் பாக்காம விட்டுட்டா திரும்ப கட்டத்துலதான் போய் நிப்பீங்க. அந்த நம்பர வச்சே ஃபான்ட்டோட ஃபேமிலி பேரக் கேட்டு வாங்கி அதப் பயன்படுத்துங்க, பேர நீங்களா மனப்பாடமா எழுதாதீங்க, ஃபைல் பேரு ஒண்ணு இருக்கும், ஃபான்ட்டோட உள் பேரு வேற இருக்கும், நடுவுல ஒரு ஸ்பேஸ் விட்டுப் போச்சுன்னா எரரே வராம வேற ஃபான்ட்ட எடுத்துக்கும். லைசன்ஸும் பாத்துக்கங்க, நோட்டோ தமிழ், லோஹித் தமிழ் ரெண்டும் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸ், சாஃப்ட்வேரோட சேத்துக் குடுக்கலாம், லைசன்ஸ் ஃபைலையும் கூட வைக்கணும். யாரோ டிசைன் பண்ணி விக்கிற ஃபான்ட்ட எடுத்து உள்ள வச்சுராதீங்க.

ஃபான்ட்கான்ஃபிக் ஃபைல்ங்குற என்விரான்மென்ட் வேரியபிள வச்சு சொந்தமா ஒரு கான்ஃபிக் ஃபைலக் குடுக்கலாமேன்னு ஒரு நண்பர் சொன்னாரு. குடுக்கலாம், செஞ்சும் பாத்தேன். ஆனா நம்ம ஃபைலக் குடுத்தா அது சிஸ்டம் ஃபைலுக்கு பதிலா நிக்கும், அதுல சிஸ்டம் ஃபோல்டர்கள திரும்ப நாமளே எழுதணும், எழுத்த மழமழன்னு காட்டுற செட்டிங் எல்லாம் போயிரும், கடைக்காரரு "என்னப்பா எழுத்து மெலிஞ்சு போச்சு"ன்னுவாரு. ஃபான்ட் ஒண்ணே ஒண்ணுதான் வேணும்னா க்யூட்டி வழியே போதும்ங்குறது என் கட்சி.

மூணாவது ஒரு விஷயம், இது ஃபான்ட் இல்ல, ஆனா அதே மூட்டைல இருந்து வந்த பூதம். மாசக் கடைசில கணக்க பிடிஎஃப்பா எடுத்து அங்கயே திறந்து காட்டுற பட்டன் ஒண்ணு உண்டு. புது மிஷின்ல அத அமுக்குனா ஒண்ணும் நடக்கல. ஏன்னா நான் செட் பண்ண எல்டி லைப்ரரி பாத் என் சாஃப்ட்வேரோட நிக்காது, அது கூப்புடுற பிடிஎஃப் வியூவருக்கும் போகுது, அந்த அப்பாவி சிஸ்டத்தோட ஆளு, என் பழைய லைப்ரரிய எடுத்துட்டு விழுந்துருது. அதனால அந்த வேரியபிள தூக்கிட்டு, பேட்ச்எல்ஃப்னு ஒரு டூல் வச்சு லைப்ரரிய எங்க தேடணும்ங்குற ஆர்பாத்த புரோகிராமுக்குள்ளயே எழுதிட்டேன், டாலர் ஆரிஜின்னு எழுதுனா "நான் இருக்க ஃபோல்டர்ல இருந்து பாரு"ன்னு அர்த்தம். இங்கயும் ஒரு மணி நேரம் போச்சு, டபுள் கோட்ஸ்ல எழுதுனேன், ஷெல் அந்த டாலர் ஆரிஜின ஏதோ வேரியபிள்னு நெனச்சு வெறுமையாக்கி விட்டுருச்சு, சிங்கிள் கோட்ஸ்தான் போடணும். இன்னொண்ணு, புரோகிராமுக்கு மட்டும் எழுதுனா பத்தாது, இப்பத்த டூல் எல்லாம் அத ரன்பாத்னு ஒரு வேற வகையாத்தான் எழுதுது, அது புரோகிராம் நேரடியாக் கேக்குற லைப்ரரிக்கு மட்டுந்தான் செல்லும், லைப்ரரி கேக்குற லைப்ரரிக்குச் செல்லாது, அதனால லிப் ஃபோல்டர்ல இருக்க ஒவ்வொண்ணுக்கும் ப்ளகின்களுக்கும் சேத்து எழுதணும்.

டெஸ்ட் பண்றதப் பத்தி ஒண்ணு சொல்லணும். என் லேப்டாப்ல எத்தன தமிழ் ஃபான்ட் இருக்குன்னு எனக்கே தெரியாது, நண்பனோட ஃப்ளெக்ஸ் கடைக்கு வேலை செஞ்சப்ப ஏத்துனது, பழைய பத்திரிகை வேலைக்கு ஏத்துனது, எல்லாம் கிடக்கு. இந்த மிஷின்ல எந்தத் தப்பும் வெளிய தெரியாது, ஒரு ஃபான்ட் இல்லன்னா இன்னொண்ணு வந்து மானத்தக் காப்பாத்திரும். இப்ப ஒரு விர்ச்சுவல் மிஷின்ல டெபியன மொட்டையா ஏத்தி, தமிழ் ஃபான்ட் ஒண்ணு கூட இல்லாம வச்சிருக்கேன், கடைக்குக் கொண்டு போற எதையும் மொதல்ல அங்க ஓட்டுறேன். டெஸ்ட் பிரிண்டையும் மாத்திட்டேன், அதுல இப்ப "கொடிமல்லி, பிச்சி, கௌரி, ஸ்ரீ" வரும். ஏன் இந்த வார்த்தைகன்னா, கொம்பு முன்னாடி வர்ற எழுத்து, ரெண்டு பக்கமும் அணைக்கிற எழுத்து, கூட்டெழுத்து எல்லாம் இதுல இருக்கு.

கட்டமா வந்தா ஃபான்ட் இல்ல. எழுத்து வருது ஆனா கொம்பு தனியா, க தனியா, கால் தனியா, நடுவுல புள்ளி வட்டம் ஒண்ணு நிக்குதுன்னா ஃபான்ட் இருக்கு, ஹார்ஃப்பஸ் மாதிரி எழுத்தக் கோக்குற லைப்ரரிதான் வேலை செய்யல. ரெண்டும் இல்லாம சம்பந்தமே இல்லாத இங்கிலீஷ் எழுத்தா வந்தா, அது யூனிகோடே இல்ல, பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது. பாமினில "தமிழ்"னு அடிச்சத வேற ஃபான்ட்ல பாத்தா ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். பக்கத்து கடைக்காரரு ஒருத்தரு அவரோட பழைய கணக்கக் கொண்டாந்து "ஃபான்ட் எரர், சரி பண்ணு"ன்னாரு, பாத்தா எல்லாம் இப்படி. அதுக்கு எந்த ஃபான்ட்ட இன்ஸ்டால் பண்ணாலும் தற்காலிகந்தான், எழுத்தையே யூனிகோடுக்கு மாத்தணும். மூணுக்கும் கடைக்காரங்க சொல்ற வார்த்தை ஒண்ணுதான், "தமிழ் வரல". போன்லயே சீட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாத்துருங்க, பாதி அலைச்சல் மிச்சம்.

கடைசியா ஒரு சின்னக் காவல் போட்டு வச்சேன். சாஃப்ட்வேர் திறக்குறப்பவே எடுத்துருக்க ஃபான்ட்ல "க" இருக்கா, கொம்பு இருக்கா, புள்ளி இருக்கான்னு கேட்டுப் பாக்கும், க்யூட்டில அதுக்கு ஃபங்ஷன் இருக்கு. இல்லன்னா பெருசா செவப்புல இங்கிலீஷ்ல ஒரு பலகை, பில்லு போட விடாது. காலைல நாலு மணிக்கு முதல் ஆள் வந்து நிக்கிறப்ப தெரியிறதுக்கு, முந்துன நாள் சாயங்காலம் நான் மிஷின் முன்னாடி இருக்கப்பயே தெரியட்டும்.

புதுசு போட்டு ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப நாலு மணிக்கு போன். எடுக்குறதுக்குள்ள கை நடுங்கிருச்சு. "தம்பி, தூங்குனியா, பில்லு எல்லாம் நல்லாத்தான்ப்பா வருது. இந்தக் கனகாம்பரம் மட்டும் ரெண்டு வரியா மடிஞ்சு விழுகுது, பாக்க நல்லா இல்ல, ஒரே வரியாக்கி விடு"ன்னாரு. இதுக்கு நாலு மணியான்னு கேக்கல, அவருக்கு அது நடுப்பகல். எந்திரிச்சு லைட்டப் போட்டு 576 புள்ளில பூ பேருக்கு எத்தன ஒதுக்கிருக்கேன்னு பாத்தேன், 150. 190 ஆக்கிட்டுப் படுத்தேன்.